வெருளியும் செத்த காகமும்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில், புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி மழையிலோ மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம் முளைத்து வரும் நாட்களில், காகத்தை விரட்டுவதற்கென்று இரண்டு விதமான பொருள்கள் கம்பில் ஏறுவதுண்டு. ஒன்று, வைக்கோல் திணித்து, பழைய சட்டை மாட்டி, கவிழ்த்த சட்டியில் கண்ணும் வாயும் எழுதி நிறுத்தப்படும் வெருளி. மற்றொன்று, மின்கம்பியில் அடிபட்டோ வேறு எப்படியோ இறந்து விழுந்த காகத்தைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது. உருவத்தாலும் அளவாலும் மனிதனைப் போலிருக்கும் வெருளிதான் பறவையைக் கூடுதலாக அச்சுறுத்த வேண்டும் என்பதே பார்த்த மாத்திரத்தில் தோன்றும் எண்ணமாக இருக்க, சில நாட்களுக்குள் அந்த வெருளியின் தோளிலேயே காகம் உட்கார்ந்து அலகைத் தீட்டுவதும், எவரையும் தீண்ட முடியாத ஒரு சிறிய பிணத்தைக் கண்டு ஒரு கூட்டமே கத்தித் தீர்த்துவிட்டு விலகிப்போவதும் நடக்கின்றன. காகம் எதற்கு அஞ்சுகிறது, எதற்கு அஞ்ச மறுக்கிறது, அந்த வேறுபாட்டை எப்படி அறிகிறது என்ற இந்தப் புதிருக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடைகள், பயிர்க்காவல் குறித்த பழைய வழக்கங்கள் பலவற்றைப் புதிய வெளிச்சத்தில் காட்டுகின்றன.

இப்பகுதியில் காணப்படும் காகங்கள் இரண்டு இனத்தவை. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாகவும் மற்றவை கருமையாகவும் உள்ள வீட்டுக் காகம், மனிதர் குடியிருப்பை ஒட்டியே வாழ்வது. ஊர் இல்லாத இடத்தில் அது இருப்பது அரிது. உடல் முழுவதும் கருத்து, தடித்த அலகும் கனத்த குரலும் கொண்ட அண்டங்காக்கை, ஊரிலும் காணப்பட்டாலும் தோப்பு, குளக்கரை, மலையடிவாரம் ஆகியவற்றிலும் தன்னால் பிழைத்துக்கொள்ளக்கூடியது. இரண்டும் அனைத்துண்ணிகள், அதாவது தானியம், பழம், புழு, பூச்சி, எலி, முட்டை, கோழிக்குஞ்சு, இறைச்சிக் கழிவு, எச்சில் சோறு என எதையும் தள்ளாதவை. புஞ்சையில் நேரும் சேதத்துக்கு இரண்டுமே பொறுப்பு என்றாலும், சங்கரன்கோவில், திருவேங்கடம், குருவிகுளம் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள நிலங்களில் எண்ணிக்கையால் முந்துவது வீட்டுக் காகமே.

மக்காச்சோளத்தில் காகம் செய்யும் சேதம் பயிர்க்காலம் முழுவதும் பரவியிருப்பதில்லை என்பது முதலில் கவனிக்க வேண்டிய செய்தியாகும். முளை மண்ணைவிட்டு வெளியே எட்டிப் பார்த்த நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு, இளநாற்றின் அடியில் விதையின் மாவுச்சத்து மிஞ்சியிருக்கிறது. காகம் குருத்தைக் கவ்வி இழுப்பது பச்சை இலைக்காக அன்று, வேரோடு வரும் அந்த மிச்ச விதைக்காகவே. நாற்று விதையை முழுவதும் உறிஞ்சித் தீர்த்து, தன் இலையால் தானே உணவு தயாரிக்கத் தொடங்கி, வேரும் பிடித்துவிட்டால், இழுக்கிற உழைப்புக்கு ஈடாகக் காகத்துக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே அது அந்த நிலத்தை விட்டுவிடுகிறது. அதன் பிறகு அது திரும்பி வருவது கதிர் பால் பிடிக்கும் பருவத்தில்தான். தோகையைக் கிழித்து நுனி மணிகளைக் கொத்தித் தின்ன, திறந்துவிட்ட கதிரில் மழைநீர் இறங்கிப் பூஞ்சணம் பிடிப்பதால், தின்றதைவிடக் கெட்டது கூடுதலாகிவிடுகிறது. இந்த இரு பருவங்களுக்கும் இடையிலுள்ள நெடிய நாட்களில் அதே காகம் அதே நிலத்தில் இறங்கினால், பெரும்பாலும் அது விவசாயிக்கு வேலையாளாகவே இறங்குகிறது.

அந்த வேலையின் அளவு பற்றிய கேள்வி இந்தியாவில் நூறாண்டுக்கு முன்பே எழுந்துவிட்டது. பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மேக்ஸ்வெல்-லெஃப்ராய் ஆகிய இருவரும், பறவைகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த பூச்சிகளையும் மணிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, பூச்சிகளைப் பயிருக்குக் கெடுதலானவை, நன்மையானவை, இரண்டும் அல்லாதவை எனப் பிரித்து, இந்தியப் பறவைகளின் உணவு குறித்த நூலை 1912-இல் வெளியிட்டனர். காகத்தின் வயிற்றில் தானியத்தோடு கம்பளிப்புழுவும் வண்டும் வெட்டுக்கிளியும் கிடந்தால், அப்பறவையை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்ற சிக்கல் அன்றே தெளிவாயிற்று. இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு: புழுவின் மெல்லிய உடல் விரைவில் கரைந்துவிட, சோளமணியின் தோலும் வண்டின் ஓடும் நெடுநேரம் தங்குவதால், இரைப்பைக் கணக்கு தானியத்தின் பக்கம் சாய்ந்துவிட வாய்ப்புண்டு; தவிரவும், வயிற்றிலிருந்த மணி நிற்கும் கதிரில் கொத்தியதா, களத்தில் சிந்தியதைப் பொறுக்கியதா என்பதை அது சொல்லாது. அதனால்தான் பிற்காலத்து ஆய்வாளர்கள் வயிற்றை விட்டு வயலுக்கு வந்து, வலை போர்த்திப் பறவை புகாமல் காத்த பாத்தியையும் திறந்துவிட்ட பாத்தியையும் அருகருகே வைத்து விளைச்சலை ஒப்பிடும் முறைக்கு மாறினர்.

இவ்விரு பக்கக் கணக்குக்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று மக்காச்சோளத்திலேயே உள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியபோது, வேளாண் துறை பரிந்துரைத்த வழிகளுள் ஒன்று, ஏக்கருக்குப் பத்து வீதம் பறவைகள் அமரக் குச்சிகளை நட்டு வைப்பதாகும். கரிச்சான், மைனா, காகம் முதலியவை அதில் அமர்ந்து இலைச்சுருளில் ஒளிந்திருக்கும் புழுவைப் பொறுக்கும் என்பது அதன் நோக்கம். பயிருக்கு முப்பது நாள் ஆகும் வரையில் இக்குச்சிகள் போதும் என்ற வரையறையையும் சேர்த்தே அந்தப் பரிந்துரை சொல்கிறது. ஒரே புஞ்சையில், ஒரே பருவத்தில், பறவையை அழைக்கும் கம்பும் விரட்டும் கம்பும் அடுத்தடுத்து நிற்பது முரணாகத் தோன்றினாலும், முளைப்பு நாட்களையும் புழு நாட்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் முரண் இல்லை.

இனி வெருளியின் தோல்விக்கு வரலாம். பின்விளைவு எதுவுமின்றித் திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு உயிரினங்கள் காட்டும் எதிர்வினை படிப்படியாகக் குறைந்து நின்றுபோவதை உளவியலார் பழகிப்போதல் என்பர். இது கற்றலின் மிக எளிய வடிவம். நத்தை போன்ற உயிர்களிடமும் உள்ளது. வெருளி முதல் நாள் புதிய பொருள் என்பதால் காகம் விலகி நிற்கிறது. இரண்டாம் நாள் அருகில் வருகிறது. அதே இடத்தில், அதே கோணத்தில், அசைவில்லாமல் நிற்கும் அந்த உருவத்தால் எந்தக் காகத்துக்கும் எந்தக் கெடுதலும் நேரவில்லை என்பது உறுதியான பின், அது வேலிக்கல்லோடு வேலிக்கல்லாகிவிடுகிறது. தகர டப்பா கட்டுவது, பழைய ஒலிநாடாவை இழுத்துக் கட்டிக் காற்றில் அதிரவிடுவது, பட்டாசு வெடிப்பது ஆகிய யாவும் இந்த விதிக்கு உட்பட்டவையே. பளபளக்கும் ஒளிநாடா சற்றுக் கூடுதல் நாள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதன் தோற்றமும் ஒலியும் மாறிக்கொண்டே இருப்பதுதான். பரணில் உட்கார்ந்து கவண் வீசும் காவலாளுக்குக் காகம் பழகிப்போவதில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. காகம் மனித உருவத்துக்கு அஞ்சுவதில்லை. கல் எறியும் மனிதனுக்கு, அதுவும் கை ஓங்கும்போது, அஞ்சுகிறது.

ஆனால் காகம் மனிதர்களுள் இன்னாரை இன்னார் என்று பிரித்தறிகிறதா, அல்லது கையிலுள்ள கல்லையும் நடையையும் மட்டும் பார்க்கிறதா என்ற கேள்வியைச் சோதனையின்றித் தீர்க்க முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவையியலாளரும் அவர் குழுவினரும் 2006-இல் தொடங்கிய ஆய்வு, இதற்கு ஒரு தெளிவான வழியைக் கண்டது. குகை மனிதன் போன்ற ரப்பர் முகமூடி ஒன்றை அணிந்துகொண்டு ஏழு காகங்களை வலையில் பிடித்து, காலில் அடையாள வளையமிட்டு, காயமின்றி விட்டுவிட்டனர். பின்னர் வெவ்வேறு உயரமும் பருமனும் நடையும் உடைய பலர் அதே முகமூடியை அணிந்து வளாகத்தில் நடக்க, காகங்கள் திரண்டு வந்து கரகரத்துக் கத்திப் பின்தொடர்ந்தன. ஒப்பீட்டுக்காக, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் முகமூடியை அணிந்து அதே பாதையில் நடந்தவர்களை அவை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. உடை, நடை, உயரம் ஆகியவற்றை மாற்றிவைத்து முகத்தை மட்டும் மாறாமல் வைத்ததே இச்சோதனையின் நுட்பம். காகங்கள் அடையாளம் கண்டது முகத்தைத்தான் என்பது அதனால்தான் உறுதியாயிற்று.

இதைவிட வியப்பானது அடுத்த கட்டம். இரண்டரை ஆண்டுக்கு மேல் சென்ற பின்னும் அந்தக் கத்தல் குறையவில்லை. மாறாக, கத்தும் காகங்களின் எண்ணிக்கை பிடிபட்ட ஏழைத் தாண்டிப் பெருகியது. வலையைக் கண்ணால் காணாத காகங்களும், பிடிபட்ட நாளுக்குப் பிறகு முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளும்கூட அந்த முகத்தைப் பகை முகமாக அறிந்திருந்தன. தானே பட்டறியாமல், இனத்தார் நடந்துகொள்வதைப் பார்த்து அறிவதைச் சமூகவழிக் கற்றல் எனலாம். தாய் தந்தையரோடும் அண்டைக் காகங்களோடும் சேர்ந்து கத்தும் குஞ்சு, எந்த முகத்தைப் பார்த்துக் கத்துகிறோம் என்பதையும் சேர்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்கிறது. இவ்வாய்வு நடந்தது அமெரிக்கக் காகத்திடம். நம் வீட்டுக் காகம் அதன் நெருங்கிய உறவினமே தவிர அதே இனமன்று என்பதால் எண்களை அப்படியே இங்கே பொருத்துவது சரியாகாது. எனினும், அமாவாசைதோறும் சோறு வைக்கும் சுவரையும் அந்த வேளையையும் வைக்கும் கையையும் வீட்டுக் காகம் தவறாமல் அறிந்திருப்பதைக் காணும் தமிழ் வாசகருக்கு, இம்முடிவு அயலானதாகத் தோன்றாது.

செத்த காகத்தின் புதிருக்கு விடை தந்ததும் இதே குழுவின் மற்றோர் ஆய்வாகும். காகம் ஒன்று இறந்தால் மற்றவை கூடிக் கத்துவதைத் துக்கம் விசாரிப்பதாகவே பல நாட்டு மக்களும் கருதி வந்துள்ளனர். கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளரும் மார்ஸ்லஃபும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நகரின் பல இடங்களில் காகங்களுக்கு நாள்தோறும் இரை வைத்துப் பழக்கிவிட்டு, ஒரு நாள் முகமூடி அணிந்த ஒருவர் இறந்த காகத்தைக் கையில் ஏந்தியபடி அந்த இடத்தில் நிற்குமாறு செய்தனர். காகங்கள் கூடிக் கத்தின. அதற்கடுத்த நாட்களில் வழக்கமான இரையை எடுக்க இறங்குவதற்கு முன்னைவிட நெடுநேரம் தயங்கின. பிணம் இல்லாமல் வெறுங்கையோடு வந்தபோதும் அதே முகமூடியைக் கண்டு ஆறு வாரம் வரை கத்தின. காகத்துக்குப் பதிலாக இறந்த புறாவை ஏந்தி நின்றபோது இந்த அளவுக்கு எதிர்வினை எழவில்லை. துக்கம் என்ற உணர்வு காகத்துக்கு உண்டா இல்லையா என்பதை இச்சோதனை சொல்ல முற்படவில்லை. காகத்தைப் பொறுத்தவரை தன் இனத்தின் பிணம் ஒரு செய்தி என்பதை மட்டும் அது நிறுவுகிறது. இந்த இடத்தில், அண்மையில், காகத்தைக் கொல்லக்கூடிய ஏதோ ஒன்று இருந்தது என்பதே அச்செய்தி.

ஆகவே வெருளிக்கும் பிணத்துக்கும் உள்ள வேறுபாடு தோற்றத்தின் அச்சுறுத்தலில் இல்லை, சான்றின் வலிமையில் உள்ளது. வெருளி, ஆபத்து வரலாம் என்று சொல்லி அதை மெய்ப்பிக்கத் தவறுகிறது. பிணம், ஆபத்து வந்துபோயிற்று என்பதற்குத் தானே சாட்சியாக நிற்கிறது. பிணமும் என்றென்றும் வேலை செய்வதில்லை. புதிய சாவு எதுவும் நேராமல் அது காய்ந்து சருகானால், காலப்போக்கில் அதற்கும் காகம் பழகிப்போகும். கரிசல் விவசாயி முளைப்பு நாட்களில் மட்டும் அதைக் கட்டிவந்ததில் இருந்த விவேகம், பெயர் சூட்டப்படாத அறிவியலே. இன்றைய நிலையில் இவ்வழக்கத்தில் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும். 2011 கடைசியில் ஜாம்ஷெட்பூரிலும், 2021 சனவரியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் காகங்கள் கூட்டமாக இறந்தது பறவைக் காய்ச்சலால் என்று உறுதிசெய்யப்பட்டுள்ளது. காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் காகத்தை வெறுங்கையால் எடுத்துப் புஞ்சைக்குக் கொண்டுவருவது மனிதருக்கும் வீட்டுக் கோழிக்கும் கேடானது. பல பறவைகள் ஒருசேர இறந்து கிடந்தால் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு ஒதுங்குவதே முறை. தொங்கவிடுவதற்குக் காகத்தின் வடிவில் கருந்துணியால் தைத்து, கருநிற இறகு செருகிய பொம்மை போதும்; நகர மரங்களில் அடையும் காகக் கூட்டங்களைக் கலைக்க அமெரிக்காவில் இத்தகைய தொங்கும் உருவங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன.

இவ்வளவு நினைவையும் பகுத்தறிதலையும் ஒரு சிறிய மண்டையோட்டுக்குள் எப்படி அடக்க முடிகிறது என்பது நீண்ட காலம் விளங்காமல் இருந்தது. பாலூட்டிகளின் மூளையில் திட்டமிடல் போன்ற உயர் வேலைகளைச் செய்யும் மடிப்புகள் கொண்ட புறணி பறவைகளிடம் இல்லை என்பதால், பறவையின் நடத்தை எல்லாம் வெறும் இயல்பூக்கமே என்று கருதப்பட்டது. இதை மாற்றிய சோதனைகளுள் ஒன்று, செக் நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று 2016-இல் வெளியிட்ட எண்ணிக்கை ஆய்வாகும். மூளையைச் சிறு சிறு பகுதிகளாக்கி, கரைசலில் கலந்து செல்களின் உட்கருக்கள் மட்டும் மிஞ்சும் சீரான நீர்மமாக்கி, நரம்பணுவின் உட்கருவுக்கு மட்டும் நிறமேற்றி, ஒரு துளியில் எத்தனை உள்ளன என்று நுண்ணோக்கியில் எண்ணி முழு அளவுக்குப் பெருக்குவது அவர்கள் கையாண்ட முறை. இருபத்தெட்டுப் பறவையினங்களை இவ்வாறு எண்ணிப் பார்த்தபோது, காகக் குடும்பமும் கிளிகளும் தம் மூளை எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட மிகக் கூடுதலான நரம்பணுக்களைக் கொண்டிருப்பது தெரியவந்தது. குளிர்நாட்டுப் பெருங்காகத்தின் மூளையில் அவை இருநூறு கோடிக்கும் மேல். அதே படியில் மோட்டா அரிசியை அளப்பதற்கும் சீரகச் சம்பாவை அளப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது: படி ஒன்றே, மணி சிறுத்திருப்பதால் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. நரம்பணுக்கள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், அவற்றுக்கிடையே செய்தி செல்லும் தொலைவும் குறைகிறது.

இத்தனை கூர்மையான பறவை குயிலிடம் ஏமாறுவது எப்படி என்று இங்கே கேட்கத் தோன்றும். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போக, காகம் அதை அடைகாத்து, தன் குஞ்சுக்கு முன்பே பொரித்துவிடும் குயில் குஞ்சுக்கு இரையும் ஊட்டுகிறது. குயில் முட்டை அளவில் சற்றுச் சிறியது என்றாலும் நிறத்திலும் புள்ளியிலும் காக முட்டையை ஒத்திருக்கிறது. ஐயத்துக்குரிய முட்டையைத் தள்ளிவிடும் காகம், தன் முட்டையையே தவறுதலாகத் தள்ளிவிடும் வாய்ப்பும் உண்டு. அறிவுக்கூர்மை என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பொருள் அன்று. இரை, ஆபத்து, உறவு ஆகிய துறைகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் அனுபவம் காகத்தைக் கற்க வைக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை இடும் முட்டையில் அந்த வாய்ப்புக் குறைவு.

காகத்தின் அறிவு ஒருபுறமிருக்க, அதன் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எது என்பதே விவசாயிக்கு அடுத்த கேள்வி. ஓர் இடம் நிலையாகத் தாங்கக்கூடிய உயிர்களின் அளவைச் சூழலியலார் தாங்குதிறன் என்பர். வீட்டுக் காகத்தைப் பொறுத்தவரை இத்திறனைக் கூட்டியும் குறைத்தும் விடுவது முதன்மையாக மனிதர் எறியும் உணவுதான். முளைப்பு நாட்கள் பதினைந்து, கதிர் நாட்கள் இன்னும் சில. ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் காகத்தைக் காப்பாற்றுவது இறைச்சிக் கடையின் கழிவு, உணவகத்தின் பின்புறத்து எச்சில் இலை, சந்தையில் அழுகி ஒதுங்கிய காய்கறி, திறந்த குப்பைமேடு ஆகியவையே. ஆடித்தபசு போன்ற திருவிழாவுக்குச் சங்கரநாராயணர் கோயிலில் திரளும் கூட்டம் சாப்பிட்டுப் போன பின் மிஞ்சுவதும் இக்கணக்கில் சேரும். பெரும்பாலும் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையே கூடு கட்டும் காகத்தின் குஞ்சுகள், ஐப்பசியில் புஞ்சை முளைக்கும்போது தாமே இரை தேடும் வயதுக்கு வந்திருக்கின்றன. சேதம் புஞ்சையில் நிகழ்ந்தாலும், அதைச் செய்யும் கூட்டத்தை வளர்ப்பது ஊர் என்ற இந்த இடைவெளியை யாரும் பொருட்படுத்துவதில்லை. புஞ்சைக்காரரின் இழப்பு நகராட்சியின் கழிவுக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை.

எண்ணிக்கையைக் கொன்று குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கு வெளிநாட்டு வரலாறு நிறையப் பாடம் வைத்திருக்கிறது. 1890-களில் மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைப் புழு தின்று தீர்த்தபோது, அவற்றை உண்பதற்கென்றே இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் வரவழைக்கப்பட்டன. காப்பி போய் ரப்பர் வந்த பின்னும் காகங்கள் தங்கிவிட்டன. பிற்காலத்தில் கிள்ளானில் அவற்றைச் சுட்டு வீழ்த்துவதற்குத் துப்பாக்கிக்காரர்களை அழைக்க வேண்டியதாயிற்று. அதே 1890-களில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டவையும், கப்பலேறித் தாமே துறைமுகம் துறைமுகமாகப் போனவையும் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையெங்கும் பரவி, உள்ளூர்ப் பறவைகளின் குஞ்சுகளைத் தின்று பெருகியதால், 2024-இல் கென்ய அரசு பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. எறியப்படும் உணவு அப்படியே இருக்கும்போது கொல்லப்பட்ட காகத்தின் பங்கு எஞ்சிய காகத்துக்குப் போகிறது; முன்பு பசியால் சாகக்கூடிய குஞ்சுகள் பிழைத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. இதைச் சூழலியலில் ஈடுசெய்தல் என்பர். மேலும் அந்நாடுகளில் வீட்டுக் காகம் வந்தேறி. இங்கே அது தொல்குடி. காக்கையைப் பாடியதால் பெயர் பெற்ற நச்செள்ளையார் சங்கப் புலவர் வரிசையில் இருப்பதே இந்த உறவின் பழமையைச் சொல்லும்.

காகத்தைக் கொல்வது பற்றிய இந்தியச் சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு வீட்டுக் காகத்தையும் தீங்குயிர் என்ற பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. இனி ஓர் உயிரினத்தைத் தீங்குயிராகக் கருத வேண்டுமானால் மத்திய அரசு இடத்தையும் காலத்தையும் குறிப்பிட்டுத் தனியே அறிவிக்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, நஞ்சு கலந்த தானியம் எந்தப் பறவையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இதே புஞ்சைகளில் காகத்தைவிடக் கூடுதல் தொல்லையாகக் கருதப்படும் மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் முழுப் பாதுகாப்புப் பெற்றது. அதுவும் அதே தானியத்தைப் பொறுக்கும்.

கொல்லாமல் குமட்டச் செய்வது வேறு வழி. அமெரிக்காவில் 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பச்சை வண்ணம் பூசிய முட்டைகளுக்குள் உயிருக்குக் கேடில்லாமல் வயிற்றைப் புரட்டும் அளவில் வேதிப்பொருள் வைத்துக் காகங்களுக்குக் கொடுத்தபோது, அவை பின்னர் மருந்து இல்லாத பச்சை முட்டைகளையும் தொடவில்லை. ஒருமுறை குமட்டிய உணவின் தோற்றத்தையும் சுவையையும் வெறுத்து ஒதுக்கும் இதைச் சுவைவெறுப்பு எனலாம். பறவைகளுக்குப் பிடிக்காத பொருள்களை விதையில் பூசும் முறைகள் பிற நாடுகளில் இதன் அடிப்படையிலேயே வளர்ந்துள்ளன. நினைவாற்றல் மிக்க பறவையிடம் மட்டுமே இவ்வழி எடுபடும் என்பதும், நிலத்திலுள்ள காகம் சாகாமல் இருந்தால்தான் அந்த வெறுப்பு நிலத்தில் நிலைக்கும் என்பதும் இதிலுள்ள நயம்.

மேலே சொன்னவற்றைச் சங்கரன்கோவில் வட்டார மக்காச்சோளப் புஞ்சைக்குப் பொருத்தினால் செய்யத்தக்கவை பெரும்பாலும் செலவில்லாதவையே. ஒரு மழைக்கு ஒரு தாக்கில் உள்ள புஞ்சைகள் எல்லாம் சேர்ந்து விதைக்கப்பட்டால், அங்கே வரும் காகங்களுக்குத் தின்னும் அளவு மாறாததால் சேதம் பலருக்கும் பங்காகிச் சிறுத்துவிடும். முந்தி விதைத்தவரும் பிந்தி விதைத்தவரும்தான் முழுச் சேதத்தையும் தனியே சுமக்கின்றனர். விதை மண்ணுக்குள் போதிய ஆழத்தில் விழுந்தால் நாற்று அறுபடுமே ஒழிய விதையோடு வருவது குறையும். மேலாகச் சிதறிக் கிடக்கும் விதையே காகத்துக்கு அந்தப் புஞ்சையை முதலில் காட்டிக்கொடுக்கிறது என்பதால் அதை மூடிவிடுவது பயன் தரும். தொங்கும் கரும்பொம்மையும் ஒளிநாடாவும் முளை வெளிவரும் அன்றைக்கு ஏற வேண்டும், விதைத்த அன்றைக்கே ஏறினால் முளைப்பு வருவதற்குள் பாதி வலிமை வீணாகிவிடும். இடத்தை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றி, காலையில் இரண்டு மணி நேரமாவது ஓர் ஆள் கவணோடு நடமாடினால், பொம்மை சொல்லும் செய்திக்கு மெய்ச்சான்றும் கிடைத்துவிடும். நாற்று விதையைத் தின்று தீர்த்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து எடுத்துவைத்துவிட வேண்டும். ஒரு மாதம் காகத்துக்கும் கரிச்சானுக்கும் புழுவை விட்டுக்கொடுத்த பின், பால் பிடிக்கும் பருவத்தில் மரத்தையும் மின்கம்பியையும் ஒட்டிய ஓர வரிசைகளில் மட்டும், கதிரைப் பக்கத்து இலையாலேயே சுற்றி மறைத்து, எடுத்துவைத்த பொம்மையை அப்போது வேறோர் இடத்தில் மறுபடி தொங்கவிடலாம்; இடையில் காணாமல் போயிருந்ததால் அதற்குப் பழைய வலிமையில் ஒரு பங்கேனும் மீண்டிருக்கும்.